மவுஸைத் தொடாமல் ஒரு படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையப் படிவங்களை வடிவமைப்பவர்கள், அதற்குக் கோடு (நிரல்) எழுதுபவர்கள், அந்த வேலையை வாங்கும் மேலாளர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பதில்லை. வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

இந்தக் காலத்தில் மவுஸ் இல்லாமல் யார் படிவம் நிரப்புகிறார்கள்?

முதலில் பார்வையற்றவர்கள். திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாதவருக்கு மவுஸால் பயனில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ., ஜாஸ் போன்ற ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளைக் கேட்டபடி முழுக்கக் கீபோர்டிலேயே வேலை செய்கிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர்கள், மணிக்கட்டு வலியால் மவுஸைக் கைவிட்டவர்கள் எல்லோரும் இதில் உண்டு. வாயில் பிடித்த குச்சியால் தட்டுபவரும், ஒரே ஒரு சுவிட்சை வைத்துக் கணினியை ஓட்டுபவரும் கீபோர்டு வழியே போகும் பாதையைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள்.

அப்புறம், எல்லோரும் மறந்துவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதே வேலை என்று இருப்பவர்கள். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்காக விண்ணப்பம் போடுபவர், மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் இருப்பவர், ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கை பழகியவர். இவர்கள் திரையைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. கண் காகிதத்தில், கை விசைகளில். உங்கள் படிவம் நடுவில் ஒருமுறை மவுஸைக் கேட்டால், அந்த ஓட்டம் ஒரு நாளில் நூறு தடவை அறுபடும். மேலாளரிடம் இந்த வேலைக்கு நேரம் கேட்கும்போது நான் இவர்களையும் சேர்த்தே சொல்வேன். சில மேலாளர்களுக்கு அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வது) என்றால் காது கேட்காது, வேகம் என்றால் கேட்கும்.

எல்லோரும் போனில்தானே நிரப்புகிறார்கள்?

போனிலும் இது உண்டு. ப்ளூடூத் கீபோர்டு, சுவிட்ச் வசதி, திரைக் கீபோர்டில் வரும் 'நெக்ஸ்ட்' எல்லாமே படிவத்தில் பெட்டிகள் அமைந்திருக்கும் வரிசையை ஒட்டித்தான் நகர்கின்றன. கணினியில் சரியாக இருந்தால் போனிலும் பாதி வேலை முடிந்தது.

எந்த விசை என்ன செய்ய வேண்டும்?

டேப் அடுத்த இடத்துக்கு, ஷிஃப்ட்டுடன் டேப் முந்தைய இடத்துக்கு. ஸ்பேஸ் செக்பாக்ஸில் டிக் போடும், பட்டனையும் அழுத்தும். எண்டர் பட்டனை அழுத்தும், இணைப்பைத் திறக்கும், எழுதும் பெட்டியில் இருந்தால் படிவத்தை அனுப்பும். எஸ்கேப் திறந்திருப்பதை மூடும்.

பலர் குழம்புவது ரேடியோ பட்டனில். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று மூன்று ரேடியோ இருந்தால், மொத்தத்துக்கும் டேப் ஒரே ஒருமுறைதான் நிற்கும். உள்ளே நகர அம்புக்குறி விசை. செக்பாக்ஸ் அப்படியில்லை, ஒவ்வொன்றிலும் டேப் நிற்கும். 'ரேடியோவில் டேப் வேலை செய்யவில்லை' என்று பிழை பதிந்து, அதை ஒருவர் 'சரிசெய்து', உண்மையாகவே கெட்டுப்போன படிவங்கள் உண்டு.

இந்த வழக்கங்கள் இணையத்தைவிடப் பழையவை. 1971-இல் வந்த ஐ.பி.எம். 3270 டெர்மினல்களிலேயே பெட்டிக்குப் பெட்டி தாவ டேப் விசைதான். 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட காமன் யூசர் ஆக்சஸ் விதிகள் இந்த மாதிரிப் பழக்கங்களை ஒழுங்குபடுத்தின. விண்டோஸும் அந்த வழியில்தான் வந்தது. ஆகவே உங்கள் படிவத்துக்கு வருபவர் விசைகளைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வரவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை எதிர்பார்த்து வருகிறார்.

இதற்கெல்லாம் தனியாக எவ்வளவு கோடு எழுத வேண்டும்?

பெரும்பாலும் ஒரு வரிகூட வேண்டாம். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். தரும் பட்டன், இன்புட், செலக்ட் (தேர்வுப் பட்டியல்), டெக்ஸ்ட்ஏரியா (பல வரி எழுதும் பெட்டி) ஆகியவற்றை அப்படியே பயன்படுத்தினால் மேலே சொன்ன அத்தனையையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். நான் பார்த்த வரையில் கீபோர்டு சிக்கல்களில் பெரும்பகுதி, செய்யாமல் விட்டதால் வருவதில்லை. இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றைச் செய்ததால் வருகிறது.

டிவ் என்ற வெறும் கட்டத்துக்கு நிறம் பூசி, கிளிக் நிகழ்வு கோத்து, அதைப் பட்டன் என்று சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் அதில் நிற்காது. நிற்கவைக்க டேப்இண்டெக்ஸ் சேர்க்க வேண்டும். ஸ்க்ரீன் ரீடருக்கு அது பட்டன் என்று தெரியாது, அதற்கு ரோல் சேர்க்க வேண்டும். எண்டருக்குத் தனியாக எழுத வேண்டும், ஸ்பேஸுக்கும் எழுத வேண்டும், ஸ்பேஸ் அடித்ததும் பக்கம் கீழே ஓடாமல் தடுக்கவும் எழுத வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பது, பட்டன் டேக் முதலிலேயே இலவசமாகத் தந்த அதே பட்டன்.

ஃபோகஸ் வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று டிசைனர் சொல்கிறார். எடுத்துவிடலாமா?

வேண்டாம். டேப் இப்போது நிற்கும் இடம்தான் ஃபோகஸ், அதைச் சுற்றித் தெரியும் கோடுதான் வளையம். கீபோர்டில் வேலை செய்பவருக்கு அந்த வளையம்தான் மவுஸ் அம்பு. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்ஸில் 'அவுட்லைன் நன்' என்று ஒரு வரி எழுதினால், தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

டிசைனரின் குறையிலும் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் மவுஸால் பட்டனைச் சொடுக்கினாலும் வளையம் வந்து நின்றது. அதற்காகத்தான் ஃபோகஸ்-விசிபிள் என்ற சி.எஸ்.எஸ். தேர்வி வந்தது. கீபோர்டில் வந்தால் மட்டும் வளையம், மவுஸில் சொடுக்கினால் இல்லை. குரோமில் 2020-இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2021-இலும், சஃபாரியில் 2022-இலும் வந்துவிட்டது. இனி அந்தச் சண்டைக்கு இடமில்லை.

வளையத்தை உங்கள் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், தாராளமாக. பின்னணியோடு 3:1 அளவுக்காவது நிற வேறுபாடு இருக்கட்டும். 2 பிக்சலுக்குக் குறையாத கனம் இருக்கட்டும். வெளிர்சாம்பல் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் வெளிர்ந்த நீலத்தில் ஒரு கோடு போட்டு 'இருக்கிறதே' என்று சொல்வது கணக்கில் வராது. பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் குக்கீ பட்டை, 'சாட் செய்யுங்கள்' குமிழ் ஆகியவை வளையத்தை முழுதாக மறைத்துவிடாமலும் பாருங்கள். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற அணுகல்தன்மை விதித்தொகுப்பு 2023 அக்டோபரில் வந்தபோது இதையும் ஒரு தனி விதியாகவே சேர்த்துவிட்டது.

டேப் வரிசை சரியில்லை. டேப்இண்டெக்ஸில் 1, 2, 3 என்று எண் போடலாமா?

கூடாது. 1-இல் தொடங்கும் எண்கள் அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்கும். மேலே மெனு, தேடல் எல்லாம் கடைசிக்குத் தள்ளப்படும். நடுவில் ஒரு பெட்டி சேர்த்தால் எல்லா எண்ணையும் திருத்த வேண்டும். டேப்இண்டெக்ஸில் உங்களுக்குத் தேவைப்படுவது 0, -1 இரண்டுதான். 0 என்றால் இயல்பான வரிசையில் நிற்கும். -1 என்றால் டேப்பில் வராது, ஆனால் நிரல் ஃபோகஸை அங்கே கொண்டுபோக முடியும்.

அப்படியானால் வரிசையை எப்படித்தான் சரிசெய்வது?

எச்.டி.எம்.எல்லில் எந்த வரிசையில் எழுதியிருக்கிறீர்களோ அந்த வரிசையில்தான் டேப் போகும். கண்ணுக்குத் தெரியும் வரிசையை சி.எஸ்.எஸ். மாற்றும், டேப் வரிசையைப் பொதுவாக மாற்றாது. சி.எஸ்.எஸ். அடுக்குமுறையான ஃப்ளெக்ஸில் 'ரோ-ரிவர்ஸ்' (வரிசையைத் திருப்புவது) போட்டு 'அனுப்பு' பட்டனை வலப்பக்கம் தள்ளியிருந்தால், கண் ஒரு பக்கமும் ஃபோகஸ் இன்னொரு பக்கமுமாக ஓடும்.

இரண்டு பத்தியாகப் பிரித்த படிவங்களில் இது அடிக்கடி நடக்கும். இடது பத்தியில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. வலது பத்தியில் கதவு எண், தெரு, பின்கோடு. நிரப்புபவர் மேலிருந்து கீழே போக நினைப்பார். ஆனால் டேப் குறுக்காக, பெயருக்கு அடுத்து கதவு எண்ணுக்குத் தாவும். என் கருத்து: படிவத்தை ஒரே பத்தியாக வையுங்கள். பக்கம் நீளமாகும், ஆகட்டும்.

எங்கள் ஆட்கள் டேலியில் பழகியவர்கள். எண்டர் அடித்தால் அடுத்த பெட்டிக்குப் போகிற மாதிரி செய்யலாமா?

அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் மென்பொருள், நிரப்புபவர் எல்லோரும் டேலிக் கை என்றால் செய்யலாம். டேப் வழக்கம்போலவே இயங்க வேண்டும், டெக்ஸ்ட்ஏரியாவில் எண்டர் புது வரிதான் தர வேண்டும், சேமிக்க வேறொரு விசை இருப்பதைத் திரையிலேயே எழுதிவைக்க வேண்டும். டேலியில் கண்ட்ரோல்-ஏ இருக்கிறது. ஆனால் பிரவுசரில் அது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் விசை, அதைப் பிடுங்காதீர்கள்.

பொதுமக்கள் வரும் படிவம் என்றால் வேண்டாம். அங்கே எண்டர் என்றால் அனுப்புவது. பார்வையற்ற ஒருவர் கடைசிப் பெட்டியில் எண்டர் அடித்து, எதுவும் ஆகாமல் நிற்கும்போது அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

எண்டர் விஷயத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. படிவத்துக்குள் வைக்கும் பட்டனுக்கு டைப் எதுவும் கொடுக்காவிட்டால் அது 'சப்மிட்' வகைதான். எழுதும் பெட்டியில் எண்டர் அடித்தால், எச்.டி.எம்.எல். வரிசையில் முதலாவதாக வரும் சப்மிட் பட்டனை அழுத்தியதாகப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். இப்போது கல்வித் தகுதிப் பகுதியில் 'இன்னொரு வரிசை சேர்' என்று ஒரு பட்டன், அதற்கு டைப் கொடுக்கவில்லை, அது 'அனுப்பு' பட்டனுக்கு முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர் பெயர்ப் பெட்டியில் எண்டர் அடிப்பார். கீழே எங்கேயோ ஒரு காலி வரிசை முளைக்கும். மறுபடி அடிப்பார், இன்னொன்று முளைக்கும். 'நீக்கு' பட்டன் முன்னால் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுப்பும் பட்டனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டைப்பில் 'பட்டன்' என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

சப்மிட் பட்டனே இல்லாத படிவத்தில் இன்னொரு வேடிக்கை. எழுதும் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தால் எண்டரில் போய்விடும். இரண்டாவது பெட்டியைச் சேர்த்த அன்றிலிருந்து போகாது.

ஓ.டி.பி.க்கு ஆறு தனித்தனிப் பெட்டி வைக்கிறோம். ஒரு எண் அடித்ததும் தானாக அடுத்ததற்குப் போகும். நல்லதுதானே?

பார்க்க நன்றாக இருக்கும். நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது எண்ணைத் தவறாக அடித்துவிட்டால் கை ஏற்கெனவே நான்காவது பெட்டியில் இருக்கும். பேக்ஸ்பேஸ் அடித்தால் காலிப் பெட்டியில் ஒன்றும் நடக்காது. ஷிஃப்ட்-டேப்பில் திரும்பிப் போனால், 'இந்தப் பெட்டி நிரம்பிவிட்டது' என்று சில நிரல்கள் உங்களை மறுபடி முன்னால் தள்ளிவிடும். குறுஞ்செய்தியிலிருந்து ஆறு எண்ணையும் ஒட்டினால் முதல் எண் மட்டும் விழும். ஸ்க்ரீன் ரீடரோ ஒவ்வொரு தாவலுக்கும் 'எழுதும் பெட்டி, காலி' என்று ஆறுமுறை சொல்லும். இதற்கெல்லாம் தனித்தனியாகக் கோடு எழுதிச் சமாளிக்கலாம். சமாளித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரே பெட்டி போதும். இன்புட்மோடில் 'நியூமெரிக்' என்று கொடுத்தால் போனில் எண் கீபோர்டு வரும். ஆட்டோகம்ப்ளீட்டில் 'ஒன்-டைம்-கோட்' என்று கொடுத்தால், அந்த வசதி உள்ள போன்களில் வந்த குறுஞ்செய்தியிலிருந்து எண்ணைக் கீபோர்டே எடுத்துத் தரும். ஆறு கட்டமாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எழுத்து இடைவெளியையும் பின்னணிக் கோடுகளையும் வைத்து ஒரே பெட்டியை அப்படிக் காட்டலாம்.

ஆறாவது எண் விழுந்ததும் தானாகவே படிவத்தை அனுப்பிவிடுவது இன்னொரு வழக்கம். கடைசிப் பெட்டி நிரம்பியதும் முன்னறிவிப்பின்றி அனுப்புவதை டபிள்யூ.சி.ஏ.ஜி. தவறு என்றே குறித்திருக்கிறது. தவறாக அடித்த எண்ணைத் திருத்த ஒரு நொடிகூடக் கிடைக்காது. மூன்று முறை தவறினால் கணக்கு முடக்கம் என்ற விதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஆதாருக்கு மூன்று பெட்டி வைப்பவர்களுக்கும் இதே பதில். 12 இலக்கத்துக்கு ஒரே பெட்டி, நடுவில் இடைவெளி விட்டு அடித்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளியை நீக்குவது சர்வருக்கு ஒரு வரி வேலை. அதை மனிதர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

எண் மட்டும் வரும் பெட்டிக்கு இன்புட் வகை 'நம்பர்' வைக்கலாமா?

எண்ணிக்கைக்கு வைக்கலாம். எத்தனை டிக்கெட், எத்தனை பிள்ளைகள் என்பது எண்ணிக்கை. ஆதார், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை எண்ணிக்கை அல்ல, அடையாளங்கள். நம்பர் வகைப் பெட்டியில் மேல், கீழ் அம்புக்குறி அழுத்தினால் மதிப்பு ஒன்று கூடும் அல்லது குறையும். பக்கத்தைக் கீழே தள்ள நினைத்து ஒருவர் கீழ் அம்பை அழுத்துவார், கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் மாறிவிடும். அவர் கவனிக்கமாட்டார். சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் இதே கதைதான். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எண்ணாக மாற்றும் நிரல் தின்றுவிடும் அபாயமும் உண்டு. பிரிட்டன் அரசின் கவ்.யு.கே. வடிவமைப்புக் குழு 2020-இல் இந்த மாதிரிக் காரணங்களுக்காகவே நம்பர் வகையைக் கைவிட்டு, எழுத்துப் பெட்டியும் நியூமெரிக் இன்புட்மோடும் என்று மாறிக்கொண்டது.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைத்திருக்கிறோம். போதாதா?

அடுத்த வாரம் பஸ் டிக்கெட் எடுக்க நாட்காட்டி நல்லது. பிறந்த தேதியை யாரும் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. 1962-இல் பிறந்தவர் மாதம் மாதமாகப் பின்னால் போனால் 700 முறைக்கு மேல் அழுத்த வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறிய எழுத்துப் பெட்டிகள், தானாகத் தாவாமல், டேப்பில் நகரும்படி. முடிந்தது.

மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சாதாரண செலக்ட் போதுமா, தேடும் வசதி உள்ள டிராப்டவுன் வேண்டுமா?

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். சாதாரண செலக்ட்டிலேயே எழுத்தை அடித்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவும். வேகமாக அடித்தால் இரண்டு மூன்று எழுத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஆங்கிலப் பட்டியலில் இதற்கு ஒரு தடை உண்டு. திருவள்ளூர், திருவாரூர், திருநெல்வேலி எல்லாம் ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' போட்டும் எழுதப்படுகின்றன, போடாமலும் எழுதப்படுகின்றன. பட்டியலில் 'எச்' இல்லை, நிரப்புபவர் 'எச்' அடிக்கிறார் என்றால் தாவல் வேறெங்கோ போய் நிற்கும். பட்டியலில் தூத்துக்குடி என்று இருக்கும், வந்தவர் பழைய பெயரான டூட்டிகொரினைத் தேடுவார்.

தமிழ்ப் பட்டியலில் வேறொரு தடை. எழுத்தை அடித்துத் தாவ வேண்டுமானால் அந்த நேரத்தில் கீபோர்டு தமிழுக்கு மாறியிருக்க வேண்டும். பெரும்பாலானோர் மாற்றமாட்டார்கள், அம்புக்குறியால்தான் இறங்குவார்கள். அப்போது பட்டியலின் வரிசை முக்கியமாகிறது. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோட் எண்ணை வைத்து அடுக்கினால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வரும். ஏனென்றால் யூனிகோடில் 'ன' என்பது 'ந'வை ஒட்டி இருக்கிறது. நாம் பள்ளியில் படித்த அகரவரிசையில் 'ன' கடைசி, கன்னியாகுமரி கள்ளக்குறிச்சிக்குப் பிறகுதான் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் லோக்கேல்கம்பேர் என்பதைத் தமிழுக்கு அமைத்து அடுக்கினால் இது சரியாகிவிடும்.

ஆக, இரண்டு எழுத்துக்கூட்டலையும் தமிழையும் ஏற்றுக்கொள்ளும் தேடல் டிராப்டவுன் பயன்தரும், அதைச் சரியாகக் கட்டினால். கீழ் அம்பில் பட்டியல் திறக்க வேண்டும், எண்டரில் தேர்வாக வேண்டும், எஸ்கேப்பில் மூட வேண்டும், எத்தனை முடிவு என்று ஸ்க்ரீன் ரீடர் சொல்ல வேண்டும். இவை இல்லாத அழகான ஒன்றைவிட வெறும் செலக்ட் மேல்.

இன்னொன்று. மாவட்டத்தைத் தொட்டதுமே பக்கத்தை மறுஏற்றம் செய்யாதீர்கள். மூடிய செலக்ட்டில் அம்பை அழுத்தினால் விண்டோஸில் ஒவ்வொரு அழுத்தலும் ஒரு தேர்வு. அரியலூரிலேயே பக்கம் தாவிவிட்டால் விருதுநகர்க்காரர் எப்போது போய்ச் சேருவது?

தமிழில் டைப் செய்பவர்களுக்காகத் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய இருக்கிறது. தமிழ்ப் படிவம் செய்பவர்களே இதைச் சோதிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்களுக்கு, 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் தட்டும்போது கீழே பரிந்துரைப் பட்டியல் வரும். சில மென்பொருளில் அதிலிருந்து ஒன்றை எண்டர் அடித்துத் தேர்வார்கள். உங்கள் நிரல் அந்த எண்டரைப் பிடித்துப் படிவத்தை அனுப்பிவிட்டால் பாதிப் பெயரோடு விண்ணப்பம் போய்விடும். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதை இஸ்கம்போசிங் என்ற குறிப்பு சொல்லும். எண்டருக்குத் தனியாகக் கோடு எழுதியிருந்தால் அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அடிப்பவர் ஆங்கில 'எஸ்' விசையைத் தட்டினால் 'இ' விழும். 'எஸ் அழுத்தினால் சேமிக்கும்' என்ற உங்கள் குறுக்குவழி அவருக்கு இல்லை. ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் பொதுவாகவே தொல்லை. என்.வி.டி.ஏ.வில் 'எச்' தலைப்புக்கும் 'பி' பட்டனுக்கும் தாவுகிற விசை. குரலால் இயக்குபவர் பேசும் சொல்லே விசைகளாக விழக்கூடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் அணைக்கவோ மாற்றவோ வழி கொடுங்கள், அது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இன் விதியும்கூட.

பெயருக்கு நீளவரம்பு வைக்கும்போது, பிரவுசர் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து. மேக்ஸ்லெங்த் கணக்கில் 15. ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 20 என்று வரம்பு போட்டால், தந்தை பெயரையும் சேர்த்து அடிப்பவருக்குப் பாதி வழியில் விசைகள் செத்துப்போன மாதிரி இருக்கும். 'எழுத்துகள் மட்டும்' என்ற சரிபார்ப்பும் அப்படித்தான். யூனிகோடில் புள்ளியும் கால், கொம்பு, விசிறி ஆகியவையும் 'எழுத்து' வகையில் வராது, 'குறி' வகையில் வரும். இரண்டு வகையையும் அனுமதிக்காவிட்டால் 'மு. கண்ணன்' என்று அடித்தவரிடம் 'சரியான பெயரை உள்ளிடவும்' என்று உங்கள் படிவம் சொல்லும்.

எல்லாப் பெட்டியும் நிரம்பும்வரை 'அனுப்பு' பட்டனை முடக்கிவைக்கிறோம். சரியா?

எனக்கு இது பிடிக்காது. முடக்கிய பட்டனில் டேப் நிற்காது. கீபோர்டில் வருபவர் கடைசிப் பெட்டியிலிருந்து நேராகப் பக்கத்தின் அடிக்கு வந்துவிடுவார். பட்டன் எங்கே, ஏன் இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. பட்டனைத் திறந்தே வையுங்கள். அழுத்தினால், விடுபட்டதைச் சொல்லி, முதல் தவறான பெட்டிக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள். பிழை வாக்கியத்தை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை என்ற எச்.டி.எம்.எல். பண்பு மூலம் அந்தப் பெட்டியோடு இணையுங்கள். இல்லாவிட்டால், டேப்பில் நகரும் ஸ்க்ரீன் ரீடர் பயனருக்குப் பெட்டிக்குக் கீழே சிவப்பில் இருப்பது காதில் விழாது. 'கடவுச்சொல்லில் 8 எழுத்தாவது வேண்டும்' மாதிரி முன்கூட்டிய குறிப்புகளுக்கும் இதே இணைப்புத்தான்.

பாப்அப் திறந்தால் டேப் பின்னால் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

டயலாக் டேக்கை அதன் மோடல் வடிவில் திறந்தால் பின்பக்கம் தானாகச் செயலற்றுப் போகும், எஸ்கேப்பில் மூடும். 2022 மார்ச்சிலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மூடிய பிறகு ஃபோகஸ், திறந்த பட்டனுக்கே திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். நேர்மாறான கோளாறும் உண்டு: உள்ளே போனவர் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வது. ஃப்ளாஷ் காலத்தில் இது சர்வசாதாரணம். இன்று அது எழுத்து அலங்காரம் செய்யும் எடிட்டர்களில் ஒளிந்திருக்கிறது. அங்கே டேப் உள்தள்ளலுக்குப் பயன்படுகிறது என்றால், வெளியேறும் விசை எது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

செக்பாக்ஸையும் கோப்பு ஏற்றும் பட்டனையும் எங்கள் டிசைனுக்கு மாற்றினோம். டேப் அவற்றைத் தாண்டிப் போகிறது.

உண்மையான இன்புட்டை 'டிஸ்ப்ளே நன்' போட்டு மறைத்திருப்பீர்கள். மறைந்ததில் ஃபோகஸ் நிற்காது, அதற்கு மேல் அழகாக வரைந்த லேபிளிலும் நிற்காது. இன்புட்டை டிஸ்ப்ளேவில் விட்டுவைத்து ஒபாசிட்டியை 0 ஆக்குங்கள் (கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்), வரைந்த கட்டத்தின் மேலேயே அதை வையுங்கள், ஃபோகஸ் வரும்போது கட்டத்துக்கு வளையம் காட்டுங்கள். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற செக்பாக்ஸிலேயே இந்தக் கோளாறு இருந்தால் அந்தப் படிவத்தைக் கீபோர்டில் முடிக்கவே முடியாது.

மேக்கில் டேப் அடித்தால் பட்டனில் நிற்கவில்லை. எங்கள் கோடில் தவறா?

அநேகமாக இல்லை. சஃபாரி இயல்பாக எழுதும் பெட்டிகளிலும் பட்டியல்களிலும் மட்டும்தான் நிற்கும். மேக்கின் கீபோர்டு அமைப்பில் கீபோர்டு நேவிகேஷனை இயக்குங்கள். இணைப்புகளிலும் நிற்க வேண்டுமானால் சஃபாரியின் அட்வான்ஸ்டு அமைப்பில் இன்னொரு டிக் இருக்கிறது. சோதிக்கும் முன் இதைச் செய்யாததால் வீணான பிழைப்பதிவுகள் ஏராளம்.

நேரக்கெடு வைத்து வெளியேற்றுவது?

பாதுகாப்புக்காக வைக்கலாம். ஆனால் முடியும் முன் எச்சரித்து, குறைந்தது 20 நொடி கொடுத்து, ஸ்பேஸ் மாதிரி ஒரே ஒரு விசையில் நீட்டிக்க விடுங்கள். அடித்ததைத் தொலைக்காமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கு ஜி.ஐ.ஜி.டபிள்யூ. வழிகாட்டுதல் 2009-இலிருந்து உண்டு. அணுகல்தன்மைக்கென ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலையும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) பற்றிய வழக்குகளில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் உரிமை என்று கூறி, 20 உத்தரவுகள் பிறப்பித்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டச் சொல்லும் கேமராச் சோதனைதான் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் வங்கி, நிதி நிறுவனப் படிவம் செய்பவர்கள் தீர்ப்பை முழுதாகப் படிப்பது நல்லது.

சோதிக்க எந்தக் கருவி வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுங்கள். படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பி அனுப்புங்கள். வேண்டுமென்றே இரண்டு தவறு செய்து திருத்துங்கள், திரும்பிப் போங்கள், கோப்பு ஏற்றுங்கள். வளையம் காணாமல் போனால் பிரவுசர் கன்சோலில் 'டாக்குமெண்ட்.ஆக்டிவ்எலிமெண்ட்' கேட்டால் எங்கே நிற்கிறது என்று சொல்லும். பிறகு என்.வி.டி.ஏ.வை நிறுவி, திரையை அணைத்துவிட்டு இன்னொரு முறை. அது இலவசம், தமிழ்க் குரலும் வரும். லைட்ஹவுஸ் மாதிரித் தானியங்கிச் சோதனைகள் லேபிள் இல்லாததைக் கண்டுபிடிக்கும். வரிசை குழம்பியிருப்பதையோ, எண்டர் தவறான பட்டனை அழுத்துவதையோ கண்டுபிடிக்காது. அங்கே 100 மதிப்பெண் வாங்கிய பக்கத்தையும் ஒருமுறை கையால் ஓட்டுங்கள்.

பழைய படிவம், கையில் ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே கை வைப்பது?

சி.எஸ்.எஸ். கோப்புகளில் 'அவுட்லைன்' என்று தேடுங்கள். நன், 0 என்று இருப்பவற்றை அழித்தாலே வளையம் திரும்பிவிடும், அரை மணி நேரம். அடுத்து, டிவ், ஸ்பேன் ஆகியவற்றில் தொங்கும் கிளிக்குகளைத் தேடிப் பட்டனாக மாற்றுங்கள், தோற்றத்தை சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளும். பட்டன்களுக்கு டைப் கொடுங்கள். 0-க்கு மேலான டேப்இண்டெக்ஸ் எல்லாவற்றையும் நீக்குங்கள். மதியத்துக்கு மேல் நேரம் மிஞ்சினால் தனியாகச் செய்த தேதிப் பெட்டியைத் தூக்கிவிட்டு மூன்று எழுத்துப் பெட்டி வையுங்கள். தேடல் டிராப்டவுனை இன்று தொடாதீர்கள், அதற்கே தனியாக ஒரு வாரம் கேளுங்கள்.